கடல் நகர்ந்தால் கோடும் நகரணுமா?

(இறுதியாண்டு, சிவில் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினாலே, நம் பசங்க என்ன எழுதித் தருவார்கள் என்று அச்சகத்துக்காரர் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார். நட்பு, தாய்ப்பாசம், வேலையில்லாத் திண்டாட்டம், கேன்டீன் சாம்பார். நான் எழுதப் போவது அமெரிக்காவில் மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் நடந்த கடல் எல்லைத் தகராறு. ‘இவனுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். விஷயம் ஆரம்பித்தது நம் சர்வே கேம்ப்பில்தான்.

கேம்ப்பின் மூன்றாம் நாள் எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். சவுக்குத் தோப்பின் ஓரத்தில் ஒரு பென்ச் மார்க்கைக் காட்டி, “இங்கேருந்து கடல் எவ்வளவு தூரம்னு அளந்து குறிச்சுட்டு வாங்கடா” என்றார் சார். இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே போனோம். முதல் பேட்ச் காலை ஏழு மணிக்கு அளந்தது. எங்கள் பேட்ச் டிபனை முடித்துக்கொண்டு பதினொரு மணிக்கு அளந்தது. மூன்றாவது பேட்ச் சாயங்காலம். மூன்று பேட்ச்சுக்கும் மூன்று விடை! முதல் பேட்ச்சுக்கும் எங்களுக்கும் மட்டும் பன்னிரண்டு மீட்டர் வித்தியாசம். நாங்கள் செயின் பிடித்தவனைத் திட்டினோம்; அவன் ரேஞ்சிங் ராட் நட்டவனைத் திட்டினான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நாங்கள் அடித்த முளையையே காணோம்.

சார் மூன்று ரீடிங்கையும் பார்த்துவிட்டுக் கோபப்படவில்லை. “மூணுமே சரிதான். ஆனா எந்த நேரத்துக் கடல்னு ஒருத்தனாவது எழுதுனீங்களா?” என்று கேட்டார். யாரும் எழுதவில்லை. “இந்த ஒரு கேள்விக்கு அமெரிக்கா சுப்ரீம் கோர்ட்டுல 69 வருஷம் கேஸ் நடந்திருக்கு, போய்ப் படிங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

போய்ப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கென்று ஒரு அபிப்பிராயம் உண்டாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சண்டைக்குக் காரணம் எண்ணெய். வேறென்ன? கலிபோர்னியாவில் 1890-களிலேயே கரையிலிருந்து மரப் பாலம் போட்டுக் கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டிவிட்டார்கள். 1947-ல் லூசியானாவுக்குத் தெற்கே, நிலமே கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ஒரு கிணறு எண்ணெய் கொடுத்தது. ஆரம்பத்தில் கடலடித் தரை யாருடையது என்று யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. மாநிலங்கள் தங்களுடையது என்று நினைத்துக் குத்தகைக்கு விட்டு வந்தன. பணம் கொட்டும் என்று தெரிந்ததும் மத்திய அரசு விழித்துக்கொண்டது. 1945-ல் ஜனாதிபதி ட்ரூமன், கண்டத்திட்டின் வளங்கள் அமெரிக்க நாட்டுக்குச் சொந்தம் என்று அறிவித்தார். அதே ஆண்டு கலிபோர்னியா மீது மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டில் நேரடியாக வழக்குப் போட்டது.

1947-ல் தீர்ப்பு மத்திய அரசுக்குச் சாதகம். 1950-ல் லூசியானாவும் டெக்சாஸும் அதே மாதிரி தோற்றன. டெக்சாஸ்காரர்களுக்கு இது மானப் பிரச்சினை. 1845-ல் சேரும் வரை தாங்கள் ஒரு தனி நாடு, கடலோடுதான் வந்து சேர்ந்தோம் என்பது அவர்கள் வாதம். எல்லா மாநிலமும் சமம், உனக்கு மட்டும் தனிச் சலுகை கிடையாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. 1952 தேர்தலில் இது மேடைப் பேச்சாகவே ஆனது. மாநிலங்கள் பக்கம் நின்ற ஐசன்ஹோவர் ஜெயித்தார். 1953 மே மாதம் ஒரு சட்டம் வந்தது: கரையிலிருந்து 3 கடல் மைல் வரை கடலடித் தரை மாநிலத்துக்கு, அதற்கு அப்பால் மத்திய அரசுக்கு. மெக்சிகோ வளைகுடாப் பக்கம் மட்டும், பழைய சரித்திர எல்லையை நிரூபிக்க முடிந்த மாநிலத்துக்கு 9 கடல் மைல் வரை. டெக்சாஸும் புளோரிடாவும் 1960-ல் அப்படி நிரூபித்தன. நடுவில் இருக்கும் லூசியானாவுக்கு மூன்றேதான். ஒரே வளைகுடா, ஒரே தண்ணீர், ஒருத்தனுக்கு ஒன்பது, ஒருத்தனுக்கு மூணு! வளைகுடா மாநிலங்களில் அதிக எண்ணெய் லூசியானாவுக்கு எதிரில்தான் கிடந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால் அவர்கள் வயிற்றெரிச்சல் புரியும்.

சரி, 3 கடல் மைல் என்றால் 5.556 கிலோமீட்டர். அளந்து கோடு போட்டுவிட்டால் முடிந்ததே என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்பார்கள். எங்கிருந்து அளப்பது? இங்கேதான் எங்கள் பன்னிரண்டு மீட்டர் வருகிறது.

சட்டம் சொல்வது ‘சாதாரண தாழ் ஓதக் கோடு’. கடல் வற்றி உள்வாங்கும்போது தண்ணீர் நிற்கும் இடம். ஆனால் தினமும் ஒரே இடத்திலா வற்றுகிறது? கலிபோர்னியாக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை வற்றும், இரண்டும் சமமாக இருக்காது. இரண்டையும் சேர்த்துச் சராசரியா, அல்லது அதிகமாக வற்றுவதை மட்டும் எடுத்துச் சராசரியா? 1965-ல் சுப்ரீம் கோர்ட் இரண்டாவதைத்தான் ஏற்றது. நிலவின் பாதை 18.6 ஆண்டுக்கு ஒரு சுற்று மாறுவதால் அந்தச் சராசரியை 19 ஆண்டு ரீடிங் வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒரு லெவலுக்கு 19 வருஷம்! நாம் மூணு மணி நேரப் பிராக்டிகலுக்கே மூக்கால் அழுகிறோம்.

சராசரி கிடைத்தாலும் கரை சும்மா இருப்பதில்லை. ஒரு இடத்தில் மணல் சேரும், ஒரு இடத்தில் அரிக்கும். கரை நகர்ந்தால் அதிலிருந்து அளந்த எல்லையும் நகரும். சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் நீளக் கரை 100 மீட்டர் பின்வாங்கினால், அங்கே 5.5 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் 10 ஹெக்டேர் தரை மாநிலத்திடமிருந்து மத்திய அரசுக்குப் போய்விடுகிறது. யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை, பத்திரம் இல்லை. அந்தப் பத்து ஹெக்டேரில் ஒரு கிணறு இருந்தால் குத்தகைப் பணம் யாருக்கு? கம்பெனிக்காரன் இன்று ஒருத்தரிடம் கட்டிவிட்டு நாளைக்கு இன்னொருத்தரிடம் போய்ப் பேச வேண்டும்.

தீவு என்றால் கணக்கு இன்னும் பெரிது. கடலில் தனியாக ஒரு மணல் திட்டு தீவு என்று ஒப்புக்கொள்ளப்பட்டால், அதைச் சுற்றிலும் 3 கடல் மைல் ஆரத்தில் வட்டம் போடலாம். பை ஆர் ஸ்கொயர் போட்டால் சுமார் 97 சதுர கிலோமீட்டர். கைக்குட்டை அளவு மணலுக்கு ஒரு நகரத்தின் பரப்பு!

அலாஸ்காவில் இதுதான் நடந்தது. வடக்குக் கரையில் ப்ரூடோ பே எண்ணெய் வயலுக்கு அப்பால் டிங்கம் சாண்ட்ஸ் என்று ஒரு திட்டு. மணல், சரளைக்கல், இடையிடையே ஐஸ். குளிர்காலத்தில் உறைந்து எழும்பும். கோடையில் உள்ளே இருக்கும் ஐஸ் கரைந்து அமுங்கும். சில நேரம் தண்ணீருக்கு மேலே, சில நேரம் கீழே. மாநிலம் ‘தீவு’ என்றது. மத்திய அரசு ‘திட்டு’ என்றது. 1979-ல் வழக்கு. தீர்ப்பு வந்தது 1997 ஜூனில். தீவு என்றால் உயர் ஓதத்துக்கு மேலே வழக்கமாகத் தலை தெரிய வேண்டும், எப்போதாவது தெரிந்தால் போதாது என்று சொல்லி அலாஸ்கா கேட்டதைக் கோர்ட் மறுத்தது. பதினெட்டு வருஷம்! அதற்குள் அந்தத் திட்டு எத்தனை தடவை தீவாகி எத்தனை தடவை திட்டாகியிருக்குமோ, அதற்கே வெளிச்சம்.

மனிதன் கட்டினாலும் கரை நகரும். இது நம் சிவில்காரர்களுக்கு. கலிபோர்னியாவில் துறைமுக அலைதாங்கிச் சுவர்களைக் கரையின் பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். கல்லைக் கொட்டினால் மாநிலம் வளரும் என்றால் யார்தான் கொட்டமாட்டார்கள்? டெக்சாஸ் தன் முகத்துவாரச் சுவர்களின் நுனியிலிருந்து 9 மைலை அளக்கப் பார்த்தது. அது 1845-ம் ஆண்டுக் கரையை வைத்து வந்த உரிமை, புதிதாகக் கட்டிய சுவர் அதில் சேராது என்று 1967-ல் கோர்ட் சொன்னது. அலாஸ்காவில் நோம் என்ற ஊர் துறைமுகம் கட்ட அனுமதி கேட்டபோது மத்திய அரசு உஷாராகிவிட்டது. ‘கட்டிக்கொள், ஆனால் இதைக் காட்டி எல்லையை வெளியே தள்ளமாட்டேன் என்று எழுதிக் கொடு’ என்று நிபந்தனை போட்டது. 1992-ல் சுப்ரீம் கோர்ட் அந்த நிபந்தனை செல்லும் என்றது. ஒரு காண்ட்ராக்டர் கொட்டும் கல், இரண்டு அரசாங்கங்களின் வரைபடத்தை மாற்றுகிறது. எஸ்டிமேஷன் பேப்பரில் இதற்கு என்ன ரேட் போடுவது?

எனக்கு மிகவும் உறைத்த கதை லூசியானாவுடையது. மிசிசிப்பி ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ஆன பூமி அது. முகத்துவாரத்தில் சேற்று மேடுகள் திடீரென்று எழும்பும், சில வருஷத்தில் கரைந்துவிடும். ஆற்றின் இருபுறமும் வெள்ளத் தடுப்புக் கரை கட்டியதால் புது வண்டல் சதுப்புக்கு வருவது நின்றுபோனது. எண்ணெய்க்காக வெட்டிய கால்வாய்கள் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்தது. தரையும் தானாக அமுங்கியது. 1932 முதல் இதுவரை சுமார் 2,000 சதுர மைல் நிலம் தண்ணீராகிவிட்டது. சதுர கிலோமீட்டரில் சொன்னால் ஐயாயிரத்துக்கும் மேல்!

இப்படிப்பட்ட கரையிலிருந்து 3 மைல் அளந்து கோடு போடுங்கள் என்றால் எப்படி இருக்கும்? மாநிலம், கப்பல் போக்குவரத்துக்காகப் போட்டிருந்த ஒரு பழைய கோட்டைக் காட்டி, இதுதான் கரை என்றது. 1969-ல் கோர்ட் அதை ஏற்கவில்லை. தோண்டிய கப்பல் கால்வாயைக் கட்டுமானமாகக் கணக்கில் எடுக்க முடியாது என்றது. சர்வதேசக் கடல் உடன்படிக்கையில் வளைகுடாவுக்கு என்ன இலக்கணமோ அதுதான் இங்கேயும் என்றது. கரை நகர்ந்தால் கோடும் நகரும் என்பதையும் ஒப்புக்கொண்டது. பிறகு ஸ்பெஷல் மாஸ்டர் என்று ஒருவரை நியமித்தார்கள். சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் சேற்றில் இறங்கி மேடு பள்ளம் பார்க்க முடியாதல்லவா? அவர் சாட்சிகளை விசாரித்து, வரைபடங்களைப் பார்த்து அறிக்கை தருவார். அதைக் கோர்ட் பரிசீலிக்கும். 1975-லும் 1981-லும் ஆணைகள் வந்து, கோடு புள்ளி புள்ளியாக எண்களில் எழுதப்பட்டது.

இதில் ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சண்டை நடந்தபோதும் எண்ணெய் நிற்கவில்லை. 1956-லேயே இரண்டு தரப்பும் ஒரு இடைக்கால ஒப்பந்தம் போட்டுக் கடலை மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. தகராறுள்ள இடத்தில் வரும் பணம் யாரும் தொட முடியாத தனிக் கணக்குக்குப் போகும். தீர்ப்பு வந்த பிறகு ஜெயித்தவர் எடுத்துக்கொள்வார். அலாஸ்காவிலும் 1979-ல் இரண்டு அரசும் சேர்ந்தே ஏலம் விட்டு இதே மாதிரி பணத்தை ஒதுக்கி வைத்தன. நம் ஊரில் அண்ணன் தம்பி வரப்புத் தகராறில் மரத்து மாங்காயை யாரும் பறிக்காமல் அழுகவிடுவார்கள். பறித்து விற்று, காசைப் பொதுவில் வைத்துவிட்டு அப்புறம் சண்டை போடலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

1986-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு சின்னத் திருத்தம் கொண்டுவந்தது. சுப்ரீம் கோர்ட்டின் இறுதி ஆணையில் எண்களால் குறிக்கப்பட்ட எல்லை அதோடு அசையாமல் நிற்கும். கடல் வந்தாலும் போனாலும் அது நகராது. அதே சட்டத்தில் இன்னொன்றும் செய்தார்கள்: மாநில எல்லைக்கு அப்பால் அடுத்த 3 மைலில் மத்திய அரசுக்கு வரும் எண்ணெய்ப் பணத்தில் 27 சதவீதம் பக்கத்து மாநிலத்துக்கு. ஏனென்றால் பூமிக்கடியில் இருக்கும் எண்ணெய்க்குக் கோடு தெரியாது. இந்தப் பக்கம் உறிஞ்சினால் அந்தப் பக்கம் வற்றும்.

கலிபோர்னியாவின் கதை 2014 டிசம்பர் 15-ல் முடிந்தது. 1945-ல் தொடங்கிய அதே வழக்கு. இரண்டு தரப்பு சர்வேயர்களும் உட்கார்ந்து கணக்கிட்டு ஒத்துக்கொண்ட புள்ளிகளைக் கோர்ட் ஆணையாகப் பிறப்பித்தது. பக்கம் பக்கமாக வெறும் எண்கள். சார் சொன்ன 69 வருஷம் இதுதான்.

இதை ஹாஸ்டலில் சொன்னபோது என் ரூம்மேட் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் கடலோர ஊர்க்காரன், அதனால் அவன் பேச்சைச் சும்மா தள்ளிவிட முடியாது.

“கடல் நகருது. நீ கோட்டை மட்டும் நிறுத்தி வெச்சா அது பொய்தானே மாப்ளே? இன்னும் நூறு வருஷத்துல கரை ரெண்டு மைல் உள்ளே வந்துடுச்சுன்னு வெச்சுக்கோ. அப்போ அந்தக் கோடு கரையிலேருந்து அஞ்சு மைல்ல கிடக்கும். சட்டத்துல மூணுன்னு எழுதிட்டு அஞ்சுல நிக்குறது எந்த ஊரு நியாயம்?”

அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் எனக்கென்னமோ மூணு என்ற எண்ணில் தெய்வீகம் எதுவும் தெரியவில்லை. டெக்சாஸுக்கு ஒன்பது கொடுத்தவர்கள்தானே? எங்கோ ஒரு இடத்தில் கோடு வேண்டும். அது எங்கே என்பதைவிட, நாளைக்கும் அங்கேயே இருக்குமா என்பதுதான் அங்கே வேலை செய்கிறவனுக்கு முக்கியம். குத்தகை எடுத்தவன், குழாய் பதிப்பவன், எண்ணெய் சிந்தினால் யாரிடம் புகார் கொடுப்பது என்று தெரிய வேண்டிய மீனவன், எல்லோருக்கும். நகரும் கோட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கடற்கரையில் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் உள்நோக்கம் கற்பிக்கப்படும். அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினால், எல்லையைத் தள்ளத்தான் கொட்டுகிறான் என்பார்கள். நோம் ஊரில் நடந்தது அதுதான். கோடு அசையாது என்று தெரிந்துவிட்டால் அலைதாங்கிச் சுவர் வெறும் அலைதாங்கிச் சுவராக இருக்கும்.

அதனால் நான் உறைய வைக்கும் கட்சி. ஆனால் ஒரு குறை. உறைய வைப்பதென்றால் சீக்கிரம் செய்திருக்க வேண்டும். லூசியானா தோற்றது 1950-ல். எண்கள் முழுசாக முடிந்தது 1981-ல். வக்கீல்கள் வாதாடிய அத்தனை வருஷமும் கடல் வாய்தா கேட்கவில்லை. அது பாட்டுக்குக் கரையைத் தின்றுகொண்டிருந்தது. கரை ஓடிக்கொண்டிருக்கும்போது, தாமதம் என்பதே ஒரு தரப்புக்கு விழுகிற அடி. முதல் வருஷமே இரண்டு அரசின் சர்வேயர்களையும் ஒரே படகில் ஏற்றி, ஒரே தேதியில் அளக்க வைத்து, அந்தத் தேதிக் கரையைப் பதிவு செய்திருந்தால், மிச்சச் சட்டச் சண்டையை ஆற அமரப் போட்டிருக்கலாம். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வருகிறது: டிப்ளமோ படிக்கிறவன் சுப்ரீம் கோர்ட்டுக்கு யோசனை சொல்கிறான். இருந்தாலும் அளக்கிற வேலை நம்முடையதுதானே!

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. ரூம்மேட் கேட்ட கடைசிக் கேள்வியிலிருந்துதான் அது எனக்குப் பிடிபட்டது. “அரசாங்கத்துக்குக் கோடு நின்னுடுச்சு, சரி. கரையில வீடு வெச்சிருக்கறவனுக்கு?”

தேடிப் பார்த்தேன். அவனுக்கு நிற்கவில்லை. லூசியானாவில் ஒருவருடைய பட்டா நிலம் அரித்துப்போய், படகு ஓடும் நீராகவோ கடலாகவோ ஆகிவிட்டால், அந்தத் தரை மாநில அரசுக்குச் சொந்தமாகிவிடும். அடியில் எண்ணெய் இருந்தால் பொதுவாக அந்த உரிமையும் அதோடு போகும். இதற்குச் சில விலக்குகள் உண்டு. இழந்ததைத் திரும்ப மண் கொட்டி மீட்டுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. கடலில் மண் கொட்ட எந்தக் குடும்பத்திடம் பணம் இருக்கிறது?

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடல் உள்ளே வரும்போது, மத்திய அரசைப் பார்த்து மாநிலம் சொல்கிறது: ‘என் கோடு நகராது.’ அதே கடல் உள்ளே வரும்போது, தன் குடிமகனைப் பார்த்து அதே மாநிலம் சொல்கிறது: ‘உன் கோடு நகர்ந்துவிட்டது, இடம் எனக்கு.’ வெளியெல்லையில் இழப்பு இல்லை, உள்ளெல்லையில் லாபம். நிலம் குறையக் குறைய அரசாங்கத்தின் கடலடிச் சொத்து மட்டும் கூடுகிறது!

ஆற்றங்கரைச் சட்டம் ரோமானியர் காலத்திலிருந்தே இப்படித்தான் என்று வக்கீல்கள் சொல்வார்கள். மெல்ல மெல்லச் சேர்ந்தால் லாபம் உனக்கு, மெல்ல மெல்ல அரித்தால் நஷ்டமும் உனக்கு. ஒரு பக்கம் சேர்ந்து ஒரு பக்கம் அரிக்கும் ஆற்றுக்கு அது நியாயம். ஒரே பக்கமாக அரித்துக்கொண்டே போகும் கரைக்கு, அதுவும் அரசாங்கமே கட்டிய வெள்ளக்கரையும் அரசாங்கம் அனுமதித்த கால்வாயும் சேர்ந்து அரிக்க வைத்த கரைக்கு, அது எப்படி நியாயம்?

அதே லூசியானாவில் ஐல் டி ஜான் சார்ல்ஸ் என்று ஒரு ஊர். பூர்வகுடி மக்கள் வாழ்ந்த தீவு. 1955 முதல் அதன் நிலத்தில் 98 சதவீதம் தண்ணீரில் போய்விட்டது. 2016-ல் மத்திய அரசு 4 கோடியே 80 லட்சம் டாலர் ஒதுக்கி, அவர்களைச் சுமார் 40 மைல் வடக்கே குடியேற்றத் திட்டம் போட்டது. 2022-ல் ஜனங்கள் புது வீடுகளுக்குப் போனார்கள். மாநிலத்தின் கடல் எல்லைக் கோடு 1981-ல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஊர்தான் நகர்ந்தது.

கோட்டை நிறுத்துவது சரி என்று நான் இப்போதும் சொல்கிறேன். ஆனால் அரசாங்கத்துக்கு அந்தச் சலுகை கிடைத்த அன்றைக்கே, கரையோரப் பட்டாக்காரனுக்கும் அவன் பழைய எல்லையை எண்ணில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வீடு போனால் போகட்டும், அதைக் கடலிடம் கேட்க முடியாது. அடியில் இருப்பதில் அவன் பங்காவது அவன் பேரில் நிற்க வேண்டும். உறைய வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாத கணக்கா?

நம் நாட்டில் ஏன் இந்தச் சண்டை இல்லை என்று ஜூனியர் ஒருவன் கேட்டான். நம் அரசியல் சட்டம் 297-வது பிரிவிலேயே, கடல் எல்லைக்குள் தண்ணீருக்கடியில் இருக்கும் நிலமும் கனிமமும் மத்திய அரசுக்கு என்று எழுதிவிட்டார்கள். மாநிலத்துக்கு அங்கே மீன்பிடிப்பு மட்டும்தான். சண்டைக்கே இடமில்லாமல் செய்தது நல்லதா, கரையோர மாநிலத்துக்கு ஒன்றுமே வைக்காதது நல்லதா என்பது வேறு கட்டுரை. அடுத்த மலருக்கு அவனே எழுதட்டும்.

கேம்ப் முடிந்து ரெக்கார்டு நோட்டைச் சமர்ப்பித்தோம். அந்தக் கடற்கரைப் பக்கத்தில் சார் சிவப்பு மையில் ‘ஓதம்? நேரம்? தேதி?’ என்று மூன்று கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். தேதி எழுதிவிட்டேன். நேரமும் ஞாபகம் இருக்கிறது, டிபனுக்குப் பிறகு பதினொரு மணி. ஓதத்துக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் ரூம்மேட்டைக் கேட்டேன். அவன் தேதியைப் பார்த்து, பிறையை விரல்விட்டு எண்ணி, அன்றைக்குக் காலையில் தண்ணி ஏறிக்கொண்டிருந்திருக்கும் என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டான்.